முத்திரை உடையவில்லை, மூட்டையின் எடை மட்டும் குறைகிறது: சரக்கு வேகன் கதவுகள் பற்றி ஒரு பதில்

நண்பர் கேட்டிருப்பது இதுதான். பீகாரிலிருந்து நாமக்கல்லுக்குக் கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் ரேக்கில், அதாவது முழுச் சரக்கு ரயிலாக, வருகிறது. இறக்கும்போது வேகன் கதவுகளின் முத்திரைகள் உடையாமல் இருக்கின்றன. ஆனால் வாசலை ஒட்டிய மூட்டைகளில் சில எடை குறைந்தும், சில நனைந்தும் இருக்கின்றன. கதவுக்குக் கதவு கனமான பூட்டு வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா? வெளிநாட்டு வேகன்களில் இருப்பது போன்ற நகரும் கதவு இருந்தால் இந்தத் தொல்லை வராதா? நட்டத்தை யாரிடம் கேட்பது?

பூட்டு வாங்கப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். வேகன் பரிசோதனைப் பிரிவில் என் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இரண்டும், அதாவது வாசல் ஓரத்து மூட்டையில் எடைக் குறைவும் அதே இடத்தில் ஈரமும், பூட்டு போதாததால் வருபவை அல்ல. கதவு சரியாகப் பொருந்தி மூடவில்லை என்பதையே அவை காட்டுகின்றன. விரல் நுழையும் இடுக்கு இருக்கிற கதவில் எத்தனை கனமான பூட்டைத் தொங்கவிட்டாலும் மழை அந்த இடுக்கு வழியாகத்தான் போகும். சோளம் அதே இடுக்கு வழியாகத்தான் வெளியே வரும்.

வேகன் கதவில் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். முதலாவது, ஓடுகிற ரயிலின் அதிர்வில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க வேண்டும்; இது தாழ்ப்பாளின் வேலை. இரண்டாவது, திருட வருகிறவனுக்கு நேரமாக வேண்டும், சத்தம் எழ வேண்டும், கருவி இல்லாமல் முடியாது என்ற நிலை வேண்டும். இது பூட்டின் வேலை. மூன்றாவது, யாராவது திறந்திருந்தால் அது பிறகு கட்டாயம் தெரிய வேண்டும். இது முத்திரையின் வேலை. முத்திரை யாரையும் தடுக்காது. தடுப்பதற்காக அது செய்யப்படவும் இல்லை. நட்டப்படுகிற வணிகர்களிடம் நான் கண்டது பெரும்பாலும் ஒன்றுதான்: முத்திரை இருக்கிறதே என்று தாழ்ப்பாளைப் பார்க்காமல் விடுகிறார்கள், பூட்டு போட்டாயிற்றே என்று முத்திரை எண்ணைக் குறிக்காமல் விடுகிறார்கள்.

உங்கள் சோளம் வருவது மூடிய வேகனில். இந்திய ரயில்வேயில் இந்த வகை பி.சி.என்., பி.சி.என்.ஏ., பி.சி.என்.எச்.எல். என்று வழங்குகிறது. முதலிரண்டு வகையில் சுமார் 42 வேகன்கள் சேர்ந்தால் ஒரு ரேக். எச்.எல். வகை நீளத்தில் குட்டை, துருப்பிடிக்காத எஃகில் செய்தது, ஒரு ரேக்கில் 58 வேகன்கள். எந்த வகையானாலும் இரண்டு பக்கமும் வாசல் உண்டு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். ஆகவே 42 வேகன் ரேக் என்றால் நீங்கள் கவலைப்பட வேண்டியது குறைந்தது 84 வாசல்களைப் பற்றி.

அந்தக் கதவின் தாழ்ப்பாளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கதவின் பலகையை, அதாவது இலையை, எடுத்துக்கொண்டால் அதன் விளிம்பில் கீல் வைத்த தட்டையான இரும்புக் கொண்டி ஒன்று இருக்கும். அதை மடக்கினால் எதிர்ப் பக்கத்து நாதாங்கியின் மேல் போய் உட்காரும். கொண்டியின் துளை வழியாக நாதாங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கண்ணுக்குள் மேலிருந்து ஓர் இரும்பு ஆப்பை இறக்கி அடிப்பார்கள். ரயில்வேயில் அதைக் காட்டர் என்பார்கள். அது தொலையாமல் இருக்க ஒரு குட்டைச் சங்கிலியில் கோத்து வேகனோடு பற்றவைத்திருப்பார்கள். அவ்வளவுதான் தாழ்ப்பாள். ஸ்பிரிங் இல்லை, சாவி இல்லை, எண்ணெய் கேட்கிற பாகம் எதுவும் இல்லை. வெயில், மழை, கரித்தூள், சுத்தியல் அடி எல்லாவற்றையும் தாங்கிப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய பொருள் இப்படி எளிமையாகத்தான் இருக்க முடியும். ஆப்பு நேராக இறங்கி இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் எந்த அதிர்வும் அதை மேலே தூக்காது. அதன் எடையும் சரிவும் சேர்ந்து இன்னும் கீழேதான் இறக்கும்.

கெட்டுப்போவது எப்படி என்று கேட்டால், கீலிலிருந்துதான் தொடங்குகிறது. கனமான எஃகு இலை, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேகனின் பக்கச் சுவரில் போய் மோதுகிறது. கீலின் ஊசி தேய்கிறது. தேயத் தேய இலை மெல்லக் கீழே தொங்குகிறது. தொங்கிய இலையின் கொண்டி நாதாங்கிக்கு நேராக வருவதில்லை. ஏற்றுகிற இடத்தில் அவசரம். கடப்பாரையால் நெம்பி, சுத்தியலால் அடித்து எப்படியோ மாட்டுகிறார்கள். அந்த அடியில் இலை வளைகிறது. வளைந்த இலை அடியில் ஒருபுறம் ஒட்டும், மறுபுறம் விலகும். ஆப்பு நுழையவில்லை என்றால் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கிவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கதவு மூடியிருப்பதாகவே தெரியும். முத்திரையும் கம்பி கோத்து அழகாகத் தொங்கும். ஆனால் இலைக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

இப்போது உங்கள் முதல் புதிருக்கு விடை கிடைத்திருக்கும். தானிய மூட்டையில் மாதிரி எடுக்க வியாபாரிகள் குத்தூசி வைத்திருப்பார்களே, அது நுழைகிற அளவு இடுக்கு இருந்தால் போதும். கதவைத் தொடவே வேண்டாம். வாசலில் இலையோடு இலையாக மூட்டையை அடுக்கியிருந்தால் சாக்கு கிழிந்து தானியம் தானாகவே கொட்டிக்கொண்டு வரும். ஆகவேதான் மூட்டை எண்ணிக்கை சரியாக இருக்கும். எடை மட்டும் குறையும். எண்ணிக்கையே குறைந்தால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள், அல்லது ஏற்றும்போதே எண்ணிக்கை தவறு. எடை குறைந்து எண்ணிக்கை சரியாக இருந்தால் இடுக்கையும் துளையையும் தேடுங்கள். இந்த ஒரு வேறுபாட்டை இறக்கும் இடத்தில் வேகன் வாரியாகக் குறித்து வைத்தாலே பாதி விசாரணை முடிந்துவிடும்.

தேட வேண்டிய இடம் கதவு மட்டும் அல்ல. பழைய வேகன்களில் பக்கத் தகட்டின் அடி விளிம்பு, தரை சேருகிற மூலை, இந்த இரண்டு இடங்களிலும் துரு தின்றிருக்கும். உரமோ உப்போ ஏற்றிய வேகன் அடுத்த சுமையாகத் தானியத்துக்கு வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நன்றாகத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. பகலில் காலியான வேகனுக்குள் ஓர் ஆள் ஏறிக்கொண்டு, கதவுகளை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். தாழிட வேண்டாம், வெளியே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். உள்ளே இருட்டில் நிற்கிறவருக்கு எந்த மூலையில் வெளிச்சம் வருகிறது என்று உடனே தெரியும். வெளிச்சம் வருகிற ஒவ்வோர் இடமும் தண்ணீர் வரும் இடம், தானியம் போகும் இடம். சின்ன இடுக்கைச் சாக்குத் துணியும் களிமண்ணும் வைத்து அடைக்கலாம். பெரிய துளை என்றால் அந்த வேகனை ஏற்றாமல் ஒதுக்கச் சொல்லிச் சரக்கு மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது பிறகு எங்கும் நிற்காது.

அடுக்குவதிலும் ஒரு பழைய முறை இருக்கிறது. வாசலுக்கு நேரே வரும் மூட்டைகளைக் கதவு இலையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உள்ளே தள்ளி, மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்வது போல அடுக்க வேண்டும். இடம் வீணாகிறதே என்று இதைச் செய்யாமல் விடுகிறார்கள். அந்த ஒன்றரை அடி மூன்று வேலை செய்கிறது: மழைத்துளி மூட்டையைத் தொடாது, வெளியிலிருந்து நீட்டுகிற எதுவும் சாக்குக்கு எட்டாது, மூட்டை சரிந்து கதவை உள்ளிருந்து அழுத்தாது. இந்த மூன்றாவது பயன் உயிர் சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் அனுமதி என்று சொன்னால் புதுப் பூட்டையும் புது முத்திரையையும் விட்டுவிட்டு இந்த ஒன்றரை அடியைத்தான் கேட்பேன்.

எந்தப் பக்கத்துக் கதவு என்பதும் முக்கியம். கூட்ஸ் ஷெட்டில் மேடை இருப்பது ஒரு பக்கம். ஏற்றுவதும் அந்தப் பக்கத்துக் கதவு வழியாகத்தான். எதிர்ப்பக்கத்துக் கதவை அன்று யாரும் திறப்பதே இல்லை. திறக்காததால் யாரும் பார்ப்பதும் இல்லை. முந்தைய இடத்தில் இறக்கியவர்கள் அதை எப்படி விட்டார்களோ அப்படியே இருக்கும். ஆப்பு இல்லாமல், கம்பி மட்டும் சுற்றி, சில நேரம் அதுவும் இல்லாமல். சரக்கு ரயில் சிக்னலுக்காக ஊருக்கு வெளியே மணிக்கணக்கில் நிற்கும்போது இருட்டுப் பக்கம் எது என்பதைத் திருடுகிறவன் நன்றாக அறிவான். ஆகவே ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் முழுவதும் ஒரு சுற்று நடந்து, ஒவ்வொரு கொண்டியிலும் ஆப்பு இறங்கியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க ஆள் வையுங்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டி வரக்கூடும்; ரயில்வே ஊழியரிடம் சொல்லிவிட்டு, அவர் துணையோடுதான் அங்கே போக வேண்டும்.

இனி முத்திரை. முன்பு மெழுகு முத்திரையும் அட்டைச் சீட்டும்தான் பழக்கம். ஈயக் குண்டு முத்திரை இன்றும் இருக்கிறது. முறுக்குக் கம்பியைக் கொண்டி வழியாகக் கோத்து, இரு முனையையும் ஈயக் குண்டுக்குள் விட்டு, எழுத்து பொறித்த குறட்டால் நசுக்குவார்கள். மலிவு, விரைவு. பொறுமை உள்ளவன் ஈயத்தை நெகிழ்த்திக் கம்பியை உருவி மறுபடி அமுக்கிவிட முடியும் என்பது அதன் பலவீனம். எண் இல்லாத ஈய முத்திரையை நான் முத்திரையாகவே மதிக்க மாட்டேன். அது உடைந்ததா, மாற்றப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது எஃகுக் கயிற்று முத்திரை. மெல்லிய கம்பிகளால் முறுக்கிய கயிறு, ஒரு முனையில் எண் பொறித்த சிறிய உலோகக் கட்டை. மறுமுனையைக் கட்டைக்குள் செலுத்தி இழுத்தால் ஒரு பக்கமாக மட்டும் நகரும், திரும்பி வராது. வெட்டினால் கயிற்றின் இழைகள் பிரிந்து விரிந்துவிடும். மறுபடி அதே துளைக்குள் நுழைக்க முடியாது. கன்டெய்னர்களுக்குப் போடுகிற தடித்த ஆணி முத்திரை இதைவிட வலுவானதுதான். ஆனால் அதற்குத் துளைகள் இரண்டும் நேர்க்கோட்டில் வர வேண்டும். தொங்கிப்போன வேகன் கதவில் அது நடக்காது. கயிறு வளைந்து கொடுக்கும். போடும்போது தளர்வு இல்லாமல் கடைசி வரை இழுத்து இறுக்க வேண்டும் என்பதை மட்டும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தளர்ந்த கயிற்றில் கொண்டியைப் பாதி தூக்கலாம், ஆப்பைக் கழற்றலாம். முத்திரை மட்டும் அப்படியே இருக்கும். முத்திரை உடையாமல் எண்ணிக்கையே குறைந்த வேகன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது கயிறு எவ்வளவு தளர்வாக இருந்தது என்பதைத்தான்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. 17712 என்ற தரக்குறியைக் கேளுங்கள். சரக்கு முத்திரைகளை அது மூன்று தரமாகப் பிரிக்கிறது. இழுவிசைச் சோதனையில் 10 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒரு டன் எடையின் இழுப்பைத் தாங்கினால் எச் தரம். 2.27 கிலோநியூட்டன் தாங்கினால் எஸ் தரம். அதற்கும் கீழே இருப்பது ஐ தரம். அது வெறும் அடையாளத்துக்கு, பிளாஸ்டிக் பட்டைகள் பெரும்பாலும் அந்த வகை. மக்காச்சோளத்துக்கு எச் தரம் கட்டாயம் இல்லை. வாசலுக்கு எஸ் தரக் கயிறே போதும் என்பது என் கணிப்பு. எண்ணைக் குறிப்பதில் செய்யும் கவனம் தரத்தை விடப் பெரிது. ஏற்றி முடித்ததும் வேகன் எண், வாசல் எந்தப் பக்கம், முத்திரை எண் என்று வரிசையாக எழுதி, அங்குள்ள ஊழியரிடம் கையெழுத்து வாங்கி, அன்றே நாமக்கல்லுக்கு அனுப்பிவிட வேண்டும். கதவின் கொண்டி, ஆப்பு, முத்திரை மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி கைபேசியில் படம் எடுங்கள். முத்திரையை மட்டும் நெருங்கி எடுத்த படம் எதற்கும் உதவாது. உங்கள் சொந்த முத்திரையை ரயில்வே முத்திரையோடு சேர்த்துப் போட ஏற்றும் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

சொந்தப் பூட்டு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், சாவி பீகாரில் இருந்து நாமக்கல்லுக்கு வர வேண்டும், அல்லது ஒரே சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்த வேண்டும். முதலாவது தாமதம், இரண்டாவது அபாயம். வழியில் அச்சுச் சூடாகி வேகனைக் கழற்றிச் சரக்கை வேறு வேகனுக்கு மாற்ற வேண்டி வந்தால் பூட்டை அறுத்துத்தான் திறப்பார்கள். அப்போது நாதாங்கியும் சேர்ந்து போகும். நல்ல பூட்டைத் துருப்பிடித்த நாதாங்கியில் மாட்டுவதால் நாதாங்கி வலுப்பெறாது. உடைப்பவன் எப்போதும் பூட்டை விட்டுவிட்டு அது தொங்குகிற இரும்பைத்தான் பார்ப்பான்.

பூட்டின் வலிமைக்கு எல்லை எங்கே என்பதை 2021, 2022ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் காட்டியது. யூனியன் பசிபிக் ரயில்வேயின் தண்டவாளம் நெடுக, உடைத்த கன்டெய்னர்களிலிருந்து வீசியெறிந்த அட்டைப்பெட்டிகள் மலையாகக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். ஓராண்டில் அந்த மாவட்டத்தில் திருட்டு 160 சதவீதம் கூடிவிட்டது என்றும், நாளுக்குச் சராசரியாக 90க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் உடைக்கப்படுகின்றன என்றும் அந்த நிறுவனமே அரசு வழக்கறிஞருக்கு எழுதியது. அவை முத்திரையிட்ட, எஃகுத் தாழ் போட்ட பெட்டிகள்தான். ரயில் நின்றது, அங்கே காவல் இல்லை, வெட்டும் கருவி கையில் இருந்தது. மற்றது சில நிமிட வேலை. பூட்டு வாங்கித் தருவது நேரம் மட்டும்தான். அந்த நேரத்துக்குள் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை என்றால் பூட்டால் பயன் இல்லை. எந்த நிலையத்தில் உங்கள் ரேக் நெடுநேரம் நிற்கிறது என்று வேகன் நகர்வுத் தகவலில் பார்த்து, அந்த இடங்களைப் பட்டியலாக ரயில்வே பாதுகாப்புப் படைக்குக் கொடுங்கள். ஒரே இடம் மறுபடி மறுபடி வந்தால் அவர்களுக்கும் அது பயன்படும் செய்தி.

நகரும் கதவைப் பற்றிக் கேட்டீர்கள். வட அமெரிக்கப் பெட்டி வேகன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்டவாளம் போன்ற சட்டத்தில் பக்கவாட்டில் உருளும் கதவு. மற்றது அடைப்புக் கதவு: உருண்டு வந்து வாசலுக்கு நேரே நின்றதும், வெளியே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் செங்குத்தான தண்டுகள் திரும்பி, கதவையே உள்நோக்கித் தள்ளி வாசலுக்குள் அழுத்தி அடைக்கும். மழைக்கும் குளிருக்கும் அது அருமையான அடைப்பு. ஆனால் பல்சக்கரம், தண்டு, உருளை என்று தேயும் பாகங்கள் கூடுகின்றன. மேல் கொக்கியிலிருந்து கழன்றால் கதவு முழுவதுமாக விழும். கதவு கழன்றுவிடாமல் பிடிக்கும் தொங்கல் அமைப்பு சரியாக இல்லாத பெட்டி வேகனை ஓட்டக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதியே இருக்கிறது என்றால் அந்த அபாயம் எவ்வளவு உண்மையானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் சூழலில், இத்தனை கை மாறி, கடப்பாரையால் திறக்கப்படுகிற வேகனுக்குக் கொண்டியும் ஆப்பும்தான் ஏற்றவை என்பது என் எண்ணம். அவற்றைப் பராமரித்தால் போதும்.

கதவு அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது நிலக்கரி ஏற்றும் பி.ஓ.பி.ஆர்.என். வகை வேகனுடையது. அதற்குக் கதவு அடியில், காற்றழுத்தத்தால் திறக்கும். அத்தனை டன் நிலக்கரியும் கதவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் ஓடும்போது திறப்பதில்லை, ஏனென்றால் கதவைத் தாங்கும் நெம்புகோல்கள் நேர்க்கோட்டைச் சற்றுத் தாண்டி மறுபக்கம் போய் நின்றுவிடுகின்றன. நாம் நிற்கும்போது முழங்கால் பின்னால் சற்று விறைத்து உடல் எடையைத் தாங்குவது போலத்தான். எடை கூடக் கூட அந்தப் பிடி இன்னும் இறுகும். உங்கள் சோளத்துக்கு இது தேவையில்லை. கேட்டதால் சொல்கிறேன் என்றும் இல்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உண்மையான மாற்று வேண்டும் என்றால் கன்டெய்னரை விலை கேட்டுப் பாருங்கள். அதன் கதவில் செங்குத்தான தாழ்த் தண்டுகள் இருக்கும். தண்டின் இரு முனையிலும் உள்ள நகம் மேலும் கீழும் உள்ள பிடிக்குள் சுழன்று நுழைந்து, கதவை ரப்பர் விளிம்பின் மேல் அழுத்தும். வலது இலை இடது இலையின் மேல் படிகிறது; வலதைத் திறக்காமல் இடதைத் திறக்க முடியாது. ஆகவே வலது பக்கத்துக் கைப்பிடியில் ஒரு முத்திரை போட்டால் போதும். ஒரு பெட்டிக்கு ஒரே வாசல். இரண்டு இருபதடிப் பெட்டிகளைத் தட்டை வேகனில் கதவோடு கதவாக எதிரெதிரே வைத்தால் நடுவில் இலை திறக்க இடமே இருக்காது. செலவில்லாத நல்ல காவல் அது. வாடகையும் இரு முனையிலும் லாரிக் கூலியும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் சோளம் போன்ற விலை குறைந்த சரக்குக்குக் கட்டுப்படி ஆகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நட்டஈடு பற்றிச் சுருக்கமாக. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 93ஆம் பிரிவு, சரக்கு இழப்புக்கும் சேதத்துக்கும் ரயில்வே நிர்வாகத்தைப் பொறுப்பாக்குகிறது. விலக்குகளும் அங்கேயே உள்ளன. ஆனால் 65ஆம் பிரிவைக் கவனியுங்கள். முழு வேகனாகவோ முழு ரேக்காகவோ ஏற்றும்போது எடையையும் எண்ணிக்கையையும் ரயில்வே ஊழியர் சரிபார்க்கவில்லை என்று ரசீதில் எழுதியிருந்தால், இவ்வளவு ஏற்றினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அப்படிப்பட்ட ரசீது, உடையாத முத்திரை, இந்த இரண்டும் சேர்ந்தால் வழக்கு மிகவும் கடினம். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஏற்றிய அன்றே படியுங்கள். முடிந்தால் ஊழியர் முன்னிலையில் ஏற்றி எண்ணிக்கையைப் பதிவு செய்யுங்கள். சரக்கு சேதமாகவோ யாரோ கைவைத்த அடையாளத்தோடோ வந்தால் 81ஆம் பிரிவின்படி ஊழியர் முன்னிலையில் திறந்து பார்த்து ஒப்படைக்கக் கேட்கும் உரிமை உண்டு. கதவு இடுக்கு, நனைந்த சாக்கு, ஆப்பு இல்லாத கொண்டி ஆகியவற்றைக் காட்டி, எல்லா மூட்டையையும் இறக்குவதற்கு முன்பே அதைக் கேளுங்கள். ஏற்றும் இடத்தில் சரக்கை ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் 106ஆம் பிரிவின்படி எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு.

திறக்கிறவரின் உயிரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பல நாள் அதிர்வில் மூட்டைகள் சரிந்து இலையின் மேல் சாய்ந்திருக்கக்கூடும். ஆப்பைத் தட்டிக் கழற்றிய நொடியில் இலை விசையோடு வெளியே வீசும். பின்னாலேயே மூட்டைகள் விழும். கழற்றுகிறவர் எப்போதும் அதற்கு நேர் எதிரேதான் நிற்பார், ஏனென்றால் சுத்தியல் அடிக்க அதுதான் வசதி. இலை போய் அடிக்கிற சுவர்ப்பக்கம் நின்றால் நசுங்குவார். முதலில் கொண்டி விறைப்பாக இழுபட்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே சுமை அழுத்துகிறது என்று பொருள். அப்போது இலையைக் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, வீச்சுக்கு வெளியே நின்று, நீண்ட கடப்பாரையால் ஆப்பைக் கிளப்ப வேண்டும். கூலித் தொழிலாளியின் கையும் காலும் போவதற்கு எந்தத் தீர்ப்பாயமும் ஈடு செய்ய முடியாது. ஏற்றும்போது அந்த ஒன்றரை அடி விட்டிருந்தால் இந்த அபாயமே பெரிதும் வராது.

இறக்கி முடித்த பிறகும் வேலை இருக்கிறது. காலியான வேகனின் கதவுகளை மூடி, கொண்டி மாட்டி, ஆப்பு இறக்கித்தான் ரேக்கை ஒப்படைக்க வேண்டும். அது சரக்கை இறக்குகிறவரின் பொறுப்பு. காலி வேகன்தானே என்று விட்டுவிட்டால், வேகம் பிடித்ததும் இலை பறந்து பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் ரயிலையோ, சிக்னல் கம்பத்தையோ, நடைமேடையில் நிற்கிற ஆளையோ அடிக்கும். வழியிலுள்ள நிலைய ஊழியரும் கேட் காவலரும் கடந்துபோகும் ஒவ்வொரு வண்டியையும் நின்று கவனிப்பதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று. தொங்கும் கதவைக் கண்டால் சிவப்புக் கொடி காட்டுவார்கள், அடுத்த நிலையத்துக்குச் சொல்வார்கள். உங்கள் மேஸ்திரியிடம் கூலி கணக்கு முடிக்கும் முன் இரண்டு பக்கமும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பு காணாமல் போயிருந்தாலும் கீல் ஊசி வெளியே வந்திருந்தாலும் வேகன் எண்ணோடு குறித்து நிலையத்தில் கொடுத்தால், பரிசோதனைப் பிரிவு அந்த வேகனைப் பழுதுபார்க்கப் பிடித்து வைக்கும். நாமக்கல்லில் குறித்துக் கொடுக்காத அதே வேகன்தான் அடுத்த சுமைக்கு வேறு யாருடைய தானியத்தையோ ஏற்றிக்கொண்டு புறப்படும்.